ஃபார்வர்டைப் பின்னால் நிறுத்திய உல்டா சார்

உலகத்தில் எதுவுமே சரியான இடத்தில் இல்லை, அதையெல்லாம் இடம் மாற்றி வைக்கத்தான் கடவுள் தன்னைத் தாம்பரத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் உல்டா சார்தான்.

பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அவர் வீட்டில் வாசல் அறையில் அடுப்பு எரியும். விருந்தாளி கடைசி அறைக்குப் போய் உட்கார வேண்டும். கேட்டால், "வர்றவன் மொதல்ல சோத்து வாசனை புடிக்கட்டும்யா" என்பார். அவர் சம்சாரம் பொறுமையில் பூமாதேவி.

அறுபதுகளின் கடைசியில், எங்கள் தெரு ஃபுட்பால் டீமுக்கு யாரும் கூப்பிடாமலே கோச்சாக வந்து சேர்ந்தார். முதல் வேலையாக, 'பாறை' என்று நாங்கள் கூப்பிடும் ஃபுல்பேக்கைப் பிடித்து முன்வரிசையில் போட்டார். பாறைக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. பந்து, எதிர் டீம் கோலி, கோல் போஸ்டாக நட்டிருந்த சவுக்குக் கம்பம், மூன்றையும் தள்ளிக்கொண்டு போய்ப் புதரில் விழுந்தான். ரெஃப்ரி கோல் கொடுத்துவிட்டார். அப்புறம் சாரைக் கையில் பிடிக்க முடியுமா? டீமில் அவர் இடம் மாற்றாத ஒரே ஆள், சென்டர் ஃபார்வர்டு ஆடிய நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லாவரம் டீமோடு மேட்ச். பக்கத்து ஃபாக்டரி ஒன்றில் நன்றாக ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுப்பார்கள். அவர்களுக்கு ஒரு ஃபார்வர்டு வேண்டும். ஆபீசரே என்னைப் பார்க்க வருகிறார். அப்பா ரிட்டயராக மூன்று மாதம். கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். எஸ்.எஸ்.எல்.சி.யோ என்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. அம்மா விடியற்காலையில் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, என் வலது காலில் சிலுவை போட்டாள்.

ஆபீசர் கறுப்புக் கண்ணாடியோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் பாதியில் நான் அடித்த ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது, ஒன்று மயிரிழையில் வெளியே போனது. அவர் வாட்சைப் பார்த்தார். ஹாஃப் டைமில் உல்டா சார் என் தோளைத் தட்டினார்.

"டேய், நீ ஃபுல்பேக்கா நில்லு. பாறை உன் எடத்துக்குப் போவட்டும்."

"சார்! அவரு என் கோலைப் பார்க்கத்தான் வந்திருக்காரு சார். வேலை சார்!"

"அவனுங்க ஃபார்வர்டு வெறி புடிச்சிகினு ஆடுறான். கோல் போடத் தெரிஞ்சவனாலதான் கோலைத் தடுக்க முடியும். பாம்பின் கால் பாம்பறியும். போடா!"

கோச் பேச்சைத் தட்டினால் அதையும் ஆபீசர் பார்ப்பாரே! அழாத குறையாகப் பின்னால் போனேன்.

அந்த மனிதர் சொன்னது சரியாகவே இருந்தது, அதுதான் கொடுமை. பல்லாவரத்து ஃபார்வர்டு எந்தப் பக்கம் திரும்புவான் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. மூன்று தடவை பந்தைப் பிடுங்கினேன். ஆபீசர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இன்னும் இரண்டே நிமிஷம்.

அப்போது பந்து உயரமாக என் தலையைத் தாண்டிப் போய், திரும்பி ஓடிய எனக்கு முன்னால் குத்தியது. எதிரே இரண்டு கம்பங்கள், நடுவில் காலி இடம். பத்து வருஷமாக ஒரே வேலையைச் செய்து பழகிய கால், என்னைக் கேட்கவா போகிறது?

"டேய், நம்ம கோல்டா!" என்று எங்கள் கோலி தாமஸ் அலறியதும், பந்து அவன் காதை உரசிக்கொண்டு உள்ளே போனதும் ஒன்றாக நடந்தன. அன்றைய மேட்சில் விழுந்த ஒரே கோல் என்னுடையதுதான்.

விசில் ஊதியாயிற்று. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆபீசர் காரை நோக்கி நடந்தார். மடித்துக் கட்டிய வேட்டியோடு உல்டா சார் ஓடிப்போய் அவரை வழிமறித்தார்.

"சார், அவனைப் பின்னாடி நிறுத்துனது நானு. என் தப்பு. தோத்தது நானு, அவன் இல்ல."

"வழியை விடுய்யா."

"அந்த அடியைப் பார்த்தீங்களா சார்? எங்க கோலி கை தூக்கறதுக்குள்ள உள்ள பூந்திச்சு. தெசைதான் கோளாறு, அடி சுத்தம். அப்படி அடிக்கிறவன் உங்க டீம்ல ஒருத்தன் கீறானா? சொல்லிட்டுப் போங்க."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். உல்டா சார் கூப்பிய கையை இறக்கவில்லை. ஆபீசரின் மீசைக்கடியில் சிரிப்பு ஒன்று தெரிந்தது.

"நாளைக்கு அனுப்பு. ஆனா முன்னாடிதான் ஆடணும்."

வேலை ஆர்டர் கைக்கு வந்த அன்று, அதை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கு ஓடினேன். உல்டா சார் எழுத்துக்கூட்டிப் படித்தார், மடித்தார், என் சட்டைப் பையில் தானே வைத்தார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"இன்னா ஆபீசருடா அவன்? உன்னை ஃபுல்பேக்கா போட்டிருந்தான்னா எங்கியோ போயிருப்ப."

அவர் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசியே பழகியவன் நான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததும், "ஆமா சார்" என்றேன்.