சிவப்புக்கோட்டார் திறந்த ஃபோல்டர்

முப்பது வயதுக்குள் என்னைக் கிழவனாக்கக் கூடியவர் கண்டியில் ஒருவர்தான் உண்டு. எங்கள் அலுவலகத்துச் சிவப்புக்கோட்டார்.

நாவலப்பிட்டியிலிருந்து காலை ரயிலில் நின்றபடியே வந்து, அப்பாடா என்று கதிரையில் சாய்வேன். பக்கத்துக் கதிரையிலிருந்து குரல் வரும்.

"தம்பி, இஞ்ச பாரும். திரும்பவும் சிவப்பு."

நாங்கள் எழுதும் புரோகிராம் தன் வேலைக்கு வேறு சில ஃபைல்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவைதான் ஹெடர் ஃபைல்கள். அவை இருக்கும் இடம், நாங்கள் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் என்ற மென்பொருளுக்குத் தெரியாவிட்டால், காணவில்லை என்று அடியில் சிவப்புக் கோடு இழுத்துவிடும். புரோகிராம் என்னவோ ஒழுங்காகத்தான் ஓடும். நாங்களெல்லாம் கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்ப்போம். அவரால் முடியாது; அதனால்தான் அந்தப் பெயர். கோடு போகும்வரை தேநீர்கூடக் குடிக்க மாட்டார். ஒருமுறை எடிட்டரையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கோடு வந்தது. இன்னொரு நாள் திரையில் கோட்டின் மேல் பிளாஸ்டர் ஒட்டினார். பக்கத்தை நகர்த்தியதும் கோடு பிளாஸ்டருக்குக் கீழே வந்து நின்றது.

ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொழுந்து காய வைக்கும் சூட்டைப் பார்த்துச் சொல்லும் புரோகிராம் அவர் பொறுப்பில் இருந்தது. வாரம் முழுக்கக் கோட்டோடு மல்லுக்கட்டியதில் அது பாதியில் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக பொஸ் சொல்லிவிட்டார். அன்று அவர் என்னிடம் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் பின்னால் போய் நின்று பார்த்தேன். ஹெடர் ஃபைல்கள் இருக்கும் இடங்களையெல்லாம் எடிட்டரின் செட்டிங்கில் பிழையில்லாமல் எழுதி, வெளி ஃபோல்டரில் வைத்திருந்தார். ஆனால் எடிட்டரில் திறப்பது அதற்குள்ளே இருக்கும் இன்னொரு ஃபோல்டரை மட்டும். எடிட்டர் திறந்ததை மட்டுமே பார்க்கும். வெளியில் இருக்கும் செட்டிங் அதற்கு எப்படித் தெரியும்?

"அண்ணே, ஏன் உள் ஃபோல்டரைத் தொறக்கிறீங்க?"

"வெளியில ஒரே சனக்கூட்டம் மாதிரி ஃபைல், தம்பி. உள்ளுக்க அமைதியா இருக்கும்."

தலையில் அடித்துக்கொண்டு வெளி ஃபோல்டரைத் திறந்து கொடுத்தேன். கோடுகள் ஒன்றுவிடாமல் மறைந்தன. இரண்டு தேநீரை அடுத்தடுத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்தவர், மாலைக்குள் புரோகிராமை முடித்துவிட்டார். வேலை தப்பியது. அன்று ரயிலில் எனக்கு இருந்த சந்தோஷம் அவருக்கு இருந்திருக்குமா தெரியாது.

திங்கட்கிழமை வந்து, பழையபடி உள் ஃபோல்டரைத் திறந்தார். எத்தனை தடவை சொன்னாலும் கை அங்கேதான் போகிறது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் ஒரு ரயில் முந்தி வந்து, அவர் வருவதற்கு முன்னால் நானே வெளி ஃபோல்டரைத் திறந்து வைத்துவிடுகிறேன். பக்கத்துக் கதிரை காலியாவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

"பாத்தீரோ தம்பி, மெசின் இப்ப எனக்குப் பழகிட்டுது."

எங்கள் ஊர் வாயில் 'ஆமா'தான் வரும்; அவர் ஊர் 'ஓம்' வராது. அவரிடம் மட்டும் வருகிறது.

"ஓம், அண்ணே" என்கிறேன்.