கொக்குக்கு வேட்டி கட்டிவிட்டவர்

மதுரைச் சுவரில் ஒருவர் முகம் வர வேண்டுமென்றால் ஒன்று அவர் பிறந்தநாள் கொண்டாட வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். இந்த இரண்டு தகுதியும் மனிதர்களுக்கு மட்டுமே என்றிருந்த ஊரில், மரத்துக்கும் கண்மாய்க்கும் போஸ்டர் அடித்து ஒட்டியவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். ரேஷன் கார்டில் அவர் பெயர் என்னவோ, சிம்மக்கல்லில் அவர் பெயர் அஞ்சலி. எனக்கு அண்ணன்.

பெயரைக் கேட்டு யாரும் எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், காதைத் தொடப் போகும் மீசை, அடுத்த தெருவுக்குக் கேட்கிற தொண்டை. அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். கீழே அவருடைய ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. கல்யாணத் தாம்பூலப் பைகளில் மணமக்கள் பெயரை அச்சடிப்பது தொழில். துணி கட்டிய சட்டத்தில் மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரு இழுப்பு இழுத்தால் பை தயார். அந்த மை வாசம் மாடியில் நான் வைக்கிற ரசத்தில்கூட ஏறிவிடும்.

அஞ்சலி என்ற பெயர் ஒரு வேப்பமரத்தால் வந்தது. எங்கள் தெருமுனையில் நின்ற மரம். புதிதாக வந்த ஜவுளிக்கடையின் போர்டை மறைக்கிறது என்று ஒரு மத்தியானம் வெட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டுச் சாப்பாட்டை விட்டு எழுந்து போன அண்ணன், திரும்பி வந்து கை கழுவிவிட்டு நேராகப் பட்டறைக்குள் போனார். மறுநாள் தெரு முழுக்கக் கறுப்பு மையில் போஸ்டர். ‘கண்ணீர் அஞ்சலி. எங்கள் தெரு வேப்பமரம் அகால மரணம் அடைந்ததை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்போர்: காக்கைகள், அணில்கள் மற்றும் ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள்.’

ஆட்டோக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். கேட்காமல் பெயரைப் போட்டதற்காக அல்ல. அணிலுக்குக் கீழே போட்டதற்காக. அண்ணன் அசரவில்லை.

“மாப்ள, நீங்க மரத்துக்குக் கீழ இருந்தீக. அதுக மரத்துக்கு மேல இருந்துச்சுக. வரிசை சரியாத்தேன் இருக்கு.”

பிளாஸ்டிக் என்றால் அவருக்கு ஆகாது. பிளெக்ஸ் பேனரைக் கண்டால் பகையாளியைக் கண்டது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். புதுத் தாளும் வாங்க மாட்டார், அதற்கும் மரம் வெட்ட வேண்டுமே என்பார். கழித்துப் போட்ட விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில்தான் அச்சடிப்பு. மைதாப் பசையில் நனைந்ததும் முன்பக்கத்துப் படம் மெல்ல மேலே எழுந்து வரும். வேப்பமரத்தின் போஸ்டரில் பனியன் போட்ட ஒரு வாலிபர் மங்கலாகச் சிரித்துக்கொண்டிருந்தார். செத்துப்போனது அவர்தான் என்று நினைத்து ஒரு அம்மாள், பாவம் சின்ன வயசு என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

மற்றவர்கள் போஸ்டரை ஊர் அடங்கிய பிறகு ஒட்டுவார்கள். அண்ணன் உச்சிவெயிலில்தான் கிளம்புவார். திருடவா போகிறோம், துக்கம் சொல்லத்தானே போகிறோம் என்று அதற்கு ஒரு நியாயம். லீவு நாட்களில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. செத்த மரத்துக்கெல்லாம் அழுகிற மனுசன் உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு முழம் பூ வாங்கியதில்லை என்று மதினி வாசலில் நின்று எங்களை வழியனுப்புவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அந்தக் கண்மாய் குறுக்கிட்டது. ஒத்தக்கடைக்கு அந்தப்பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பைகளைக் கொடுக்கப் போனவர், கண்மாய்க்குள் லாரிகள் இடிபாட்டு மண்ணைக் கொட்டுவதையும், கரையோரம் பிளாட் பிரிக்க மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள் நிற்பதையும் பார்த்துவிட்டு வந்தார். அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டியதுதானே என்றேன். உயிர் இருக்கும்போது அஞ்சலி போடுவது பாவம் என்றார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பிறந்தநாள் வாழ்த்து.

‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்! இன்றைய கண்மாயே, நாளைய பிளாட்டே!’ என்று மேலே கொட்டை எழுத்து. நடுவில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டுடன் இறக்கைகளைக் கூப்பியபடி ஒரு கொக்கு. கீழே, ‘மண்ணைக் கொட்டாதே என்று ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள்.’

மேலூர் ரோடு முழுக்க ஒட்டினோம். எங்கள் போதாத நேரம், அதே வாரம் அந்தப் பகுதிப் பிரமுகர் ஒருவருக்கும் பிறந்தநாள். அவருடைய போஸ்டரிலும் வெள்ளை வேட்டி, கூப்பிய கை. மனிதருக்குக் கழுத்தும் கொஞ்சம் நீளம். லாரிகள் அவருடையவை என்று டீக்கடைகளில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. அடுத்தடுத்து ஒட்டியிருந்த இரண்டையும் ஜனங்கள் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலமே ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டது. துணைக்கு நானும் போனேன்.

இன்ஸ்பெக்டர் போஸ்டரை மேஜையில் விரித்தார்.

“யாருய்யா இது?”

“கொக்கு சார்.”

“அது தெரியுது. எந்தக் கொக்கு?”

“கண்மாய்க் கொக்கு சார்.”

“அதுக்கு எதுக்குய்யா வேட்டி கட்டிவிட்ட?”

“வேட்டி கட்டுனாத்தேன் சார் நம்ம ஊர்ல மனுவ வாங்குறாய்ங்க.”

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் கவனித்தேன். திரும்பியபோது முகம் கறாராக இருந்தது. கேஸ் வேண்டாம், ஒட்டிய கையாலேயே அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

சிரித்துக்கொண்டேதான் வீடு திரும்பினோம். பட்டறைக் கதவு திறந்து கிடந்தது. நாங்கள் ஸ்டேஷனில் இருந்த நேரத்தில் நாலைந்து பேர் வந்து, சட்டங்களில் கட்டியிருந்த துணியையெல்லாம் பிளேடால் கிழித்துவிட்டுப் போயிருந்தார்கள். தரையெங்கும் மை. அண்ணன் ஒரு சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிழிசலுக்குள் விரலை விட்டு விட்டு எடுத்தார். அம்புட்டுப் பெரிய மனிதர் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மதினி இன்று ஊரைக் கூட்டப்போகிறார் என்று நான் மாடிப்படிப் பக்கம் நகர்ந்தேன். அவர் உள்ளே போய் மெல்லிய நைலக்ஸ் சேலை ஒன்றை எடுத்து வந்து, நடுவில் கத்தரியை வைத்தார்.

“எந்திரிங்க. நான் இழுத்துப் பிடிக்கிறேன், நீங்க ஆணி அடிங்க. கொக்கு இதுல நல்லா விழும்.”

மறுநாள் உச்சிவெயிலில் சுரண்டப் போனோம். அண்ணன் காய்ச்சிய பசை அவரைப் போலவே பிடிவாதம் பிடித்தது. தண்ணீர் அடித்து, ஊற வைத்து, இணுக்கு இணுக்காக எடுக்க வேண்டியிருந்தது. ஒட்டும்போது ஏறிட்டுப் பார்க்காதவர்கள், கிழிக்கும்போது நின்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அண்ணன் கண்மாயின் கதையை முதலிலிருந்து சொன்னார். பஸ்ஸுக்கு நின்ற காலேஜ் பிள்ளைகள் வீடியோ எடுத்தார்கள். ரெண்டாம் நாள் தொலைவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சுரண்டுவதற்கு இம்புட்டுக் கூட்டமா என்று ரோந்து வந்த போலீஸ்காரரே வண்டியை நிறுத்தி ஒருமுறை கதை கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் முன்னால் வந்தார். கண்மாய்க்குக் கீழே அவருக்கு வயல்.

“அதைக் கிழிச்சு வீணாக்காதீங்கண்ணே. எங்களுக்கு அடிச்சுக் குடுங்க. எங்க வீட்டுச் சுவரு, நாங்க ஒட்டுறோம். எவன் கேக்குறான்னு பாப்போம்.”

மதினியின் சேலையில் கொக்குகள் விழ ஆரம்பித்தன. பை வேலை மூலைக்குப் போனது. அந்தப் பெண்ணின் ஊரில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு கொக்கு வேட்டி கட்டிக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. வீடியோ பரவிய பிறகு கண்மாயை அளக்க வந்த அதிகாரிகள், தண்ணீர் குடிக்கக்கூட ஒரு கொக்கைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அளந்தார்கள். மஞ்சள் கற்கள் பிடுங்கப்பட்டன, லாரிகள் நின்றன. ஏற்கெனவே கொட்டிய மண்ணை மட்டும் யாரும் அள்ளவில்லை. பிரமுகர் வகையறாவின் கல்யாணப் பைகளும் அதோடு எங்கள் பட்டறைக்கு வருவது நின்றது.

மழை பெய்ததும் அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மண்மேடு தீவு மாதிரி நிற்க, சுற்றிலும் தண்ணீர். மேட்டின் மேல் நிஜக் கொக்குகள். நான் ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, போஸ்டரில் கழுத்தைத் தான்தான் கொஞ்சம் நீளமாகப் போட்டுவிட்டதாக வருத்தப்பட்டார்.

பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். எடுத்ததும் என் வீட்டு வாசலில் நிற்கிற புங்கமரம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். அது துளிர்த்ததா, யாரும் ஆணி அடித்தார்களா என்று விசாரித்து முடித்த பிறகுதான் என் உடம்பு, என் பிள்ளைகள் எல்லாம். நான் செடி கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஜாதி இல்லை. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் புங்கமரத்தடிக்குப் போய்விடுகிறேன். அவர் குரல் கேட்கிறபோது, “நல்லா இருக்குண்ணே” என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டும்.