காற்றை நம்பாத கம்பியார்

மாத்தளை மாவட்டம் முழுவதிலும் காற்றை நம்பாத ஒரே மனிதர் கம்பியார்தான். மூச்சு விடுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டார். அதுவும் வேறு வழி இல்லாததால். ஒரு குரலோ படமோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டுமானால், நடுவே கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய கம்பி ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். கம்பி இல்லாமல் வருவது எதுவானாலும் அது களவாக வருகிறது என்றே அவர் கருதினார்.

அவருடைய தொலைக்காட்சியின் ரிமோட், ஒரு நீண்ட சணல் கயிற்றால் பெட்டியோடு கட்டப்பட்டிருந்தது. அவர் வீட்டின் முன்னறைக்கு நான் குடிவந்த புதிதில் அதைக் கண்டு வியந்தேன்.

"தொலைஞ்சிரும்னு கட்டி வச்சிருக்கீங்களாண்ணே?"

"தொலைஞ்சா வேற வாங்கிக்கலாம் டீச்சர். நாளைக்கு யாராச்சும் வந்து, இது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா கயித்தக் காட்டலாம் பாருங்க."

"கயித்துல கரண்ட் போகாதேண்ணே."

"கேக்க வாறவனுக்கு அது தெரியாதுங்க."

அந்தப் பெயர் அவருக்கு வந்ததற்கு ஊரில் மூன்று காரணங்கள் வழங்கின. மூன்றும் உண்மை. முதலாவது தொழில்: நகரத்து வீடுகளுக்கும் சுற்றியிருந்த தோட்டங்களுக்கும் மின்கம்பி இழுப்பவர் அவர். இரண்டாவது பழக்கம்: காக்கிச் சட்டையைத் தொலைவில் கண்டாலே கம்பி நீட்டிவிடுவார். பொலிஸ் ஜீப் வாசலில் நிற்பதற்குள் அவர் பின்வளவுக் கொக்கோ மரங்களுக்கு அப்பால் ஒரு வெள்ளைப் புள்ளியாகியிருப்பார்.

மூன்றாவது காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. எண்பதுகளில் அவர் நகரத்தில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தார். ஒரு நாள் மேசையில் பிரித்துப் போட்டிருந்த வானொலி ஒன்றைக் கண்ட யாரோ அதற்கு 'வயர்லெஸ்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். தமிழர்களான எங்கள் ஆட்களிடம் அகப்படக்கூடாத பொருள்களில் அந்நாளில் அதுவே தலையாயது. அந்த வானொலிக்குக் கொழும்பு நிலையம்கூட ஒழுங்காக எடுபடாது என்பதை உறுதி செய்துகொள்ள அரசாங்கத்துக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. அவ்வளவு காலமும் அவர் உள்ளே இருந்தார்.

"கம்பி இல்லாத ஒரு சாமானுக்காகப் போயி கம்பி எண்ணிட்டு வந்தேன் டீச்சர்" என்று ஒரே ஒரு முறை, கிணற்றடியில், தேங்காய் விலையைச் சொல்வதுபோல் சொன்னார். அந்தக் கடை பின்னர் திறக்கப்படவேயில்லை.

வீடு அலுவிகாரைப் பக்கம், யாழ்ப்பாணம் வரை போவதாகப் பெயர்ப்பலகைகள் உறுதியளித்த பெரிய பாதையின் ஓரத்தில் இருந்தது. எங்களில் எவரும் அதில் தம்புள்ளைக்கு அப்பால் போனதில்லை. இராணுவ லொறிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. பழைய காலத்துக் கருங்கற் சுவர்கள்; ஒவ்வொன்றும் ஒரு முற்றுகையை எதிர்பார்த்துக் கட்டப்பட்டதுபோல் இருக்கும். முன்னறையில் நான். பின்னறையில் இன்னொரு குடித்தனமாகச் செல்வி, தன் கைக்குழந்தை தர்ஷியோடு. செல்வியின் கணவன் மோகன் கட்டாரில் லொறி ஓட்டினான். பிள்ளை பிறப்பதற்கு முன்பே போனவன், மகளைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தான். மகளோ அவனைப் பார்த்ததே இல்லை.

யுத்தம் முடிவதற்கு முந்திய ஆண்டில் நான் இணையத் தொடர்பு எடுத்தேன். வாசிப்பதற்கு என்று எடுத்தது, வெகு விரைவில் மோகனைப் பார்ப்பதற்கு என்று ஆகிவிட்டது. பெட்டியைப் பொருத்த வந்த இளைஞனைக் கம்பியார் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தார். தொலைபேசிக் கம்பி சுவரைத் துளைத்து உள்ளே வந்தபோது அவர் முகத்தில் ஒரு தகப்பனின் பெருமிதம் இருந்தது.

"இங்கருந்து கம்ப்யூட்டருக்கு எந்தப் பக்கமா வயர் இழுக்கிறீங்க தம்பி?"

"வயர் வேணாங்கய்யா. இது வயர்லெஸ்."

கம்பியார் எழுந்தார். பாதைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டார். அந்தக் கொக்கி 'ளொக்' என்று ஒரு சத்தத்தோடுதான் விழும்.

"இப்ப சொல்லுங்க. மெதுவா."

அன்று முதல் அந்தச் சொல் அந்த வீட்டில் தடை செய்யப்பட்டது. யாராவது வாய்தவறிச் சொன்னால் முதலில் ஜன்னல் சாத்தப்படும். பிறகுதான் பேச்சுத் தொடரும். வைஃபை என்றொரு மாற்றுப் பெயர் இருப்பதை எடுத்துச் சொன்னேன். அதை அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மெருகேற்றி, 'ஒய்ஃப்' என்று வைத்துக்கொண்டார். "நல்ல பேருங்க. பொலிஸ்காரனுக்கும் வீட்டுல ஒண்ணு இருக்கும், வெளங்கிக்குவான்." அதன் விளைவாக, "டீச்சர் வீட்டு ஒய்ஃப் இன்னைக்கு ரொம்ப ஸ்லோ" என்று அவர் மதிலுக்கு மேலாக அறிவித்ததைக் கேட்டு, திருமணமாகாத என்னைப் பற்றி அயலில் என்ன நினைத்தார்களோ, நான் விசாரிக்கவில்லை.

ஸ்லோ என்பது மிகையல்ல. என் அறையில் பறந்த அந்த அலைகள் மூன்று கருங்கற் சுவர்களைக் கடந்து செல்வியின் அறைக்குப் போவதற்குள் களைத்துப்போயின. செல்வியின் கணினியை என் அறைக்கே கொண்டுவரலாம் என்றேன். கணவனோடு பேசுவதை ஒரு டீச்சரின் முன்னால் வைத்துப் பேசச் செல்விக்குக் கூச்சம், அது நியாயமும்கூட.

வெள்ளிக்கிழமை நண்பகல் மோகனுக்கு ஓய்வு. கணினித் திரையில் அவன் முகம் தோன்றும், வாயைத் திறக்கும், திறந்தபடியே நின்றுவிடும். குரல் பின்னால் தனியாக, துண்டு துண்டாக வந்து சேரும். குழந்தைக்கு அது சுவரில் தொங்கும் படங்களைப்போல் இன்னொரு படம். இதற்கிடையில் நாங்கள் எல்லோரும், தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க, முன்னறைப் பெட்டியின் பச்சை விளக்கையே எட்டி எட்டிப் பார்த்து, "அப்பா வந்துட்டாரா? அப்பா வாறாரு! ஐயோ, அப்பா போயிட்டாரு!" என்று கூவுவோம். இதையெல்லாம் கவனித்த தர்ஷி தன் முதற்சொல்லைக் கற்றுக்கொண்டாள். ஒரு காலை, தவழ்ந்து முன்னறைக்கு வந்து, அந்தப் பச்சை விளக்கை நோக்கிக் கைநீட்டி, தெளிவாக "அப்பா" என்றாள்.

நான் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை. "டீச்சர், அவரு வந்து நிக்கிறப்போ இவ பெட்டியப் போய் கட்டிப்பிடிச்சிருவாளோ?" என்றாள்.

செல்வியின் தம்பி ரமேஷ் நகரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினான். அக்காவின் கண்ணீரைக் கண்டு களத்தில் இறங்கினான். பெட்டியை உயரத்தில் வைக்க வேண்டும் என்று அலுமாரியின் மேல் ஏற்றினான். இரும்புக் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் அலைகளைத் தடுக்கும் என்று இரண்டையும் இடம் மாற்றினான். நிலைக்கண்ணாடியையும் அகற்றினான், நான் ஒரு வாரம் உத்தேசமாகத் தலைவாரினேன். கோட்பாட்டளவில் அவன் செய்தது அனைத்தும் சரியே. கருங்கல் மட்டும் கோட்பாடு படித்திருக்கவில்லை.

கம்பியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்டிக்குப் போய், இரண்டு முனையிலும் சொருகி பொருத்திய ஒரு நீண்ட நீலக் கம்பியை வாங்கி வந்தார். என் அறையிலிருந்து குசினி வளை மேலாக, விறகு அடுக்கைத் தாண்டி, பிள்ளைத் துணி காயும் கொடியோடு சேர்த்து, செல்வியின் மேசை வரைக்கும் இழுத்துக் கட்டினார்.

"இந்தக் காலத்துல யாரு மாமா வயர் இழுக்கிறா? ஒலகமே வயரக் கழட்டிக்கிட்டு இருக்கு" என்றான் ரமேஷ்.

"ஒலகத்த வந்து யாரும் கேக்க மாட்டாங்க தம்பி. ஒன்னயத்தான் கேப்பாங்க."

"ஒரு நிமிசம் பொறுங்க, இப்பவே சொருகிறாதீங்க, நான் ஒரு சாமான் செஞ்சிருக்கேன்."

அந்தச் சாமான் ஒரு பால்மா டின். அடியில் துளையிட்டு, உள்ளே ஒரு செப்புத் துண்டு வைத்து, கழியில் பூட்டி, என் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினான். சுவர்களைத் துளைப்பதை விட்டு, வீட்டின் வெளிப்பக்கமாக அலையைச் செலுத்துவது திட்டம். அந்த வெள்ளிக்கிழமை, கட்டாரிலிருந்து அழைப்பு வரச் சற்று நேரமே இருக்கையில், அவன் ஏணியில் நின்று டின்னை இப்படியும் அப்படியும் திருப்பினான். அது வெயிலில் பளபளத்து, பெரிய பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தது. பாதையில் இராணுவ லொறிகள் வரிசையாக வடக்கே போய்க்கொண்டிருந்தன.

ஜீப் வந்து நின்றது. கம்பியார் வழக்கம்போல் மறைந்தார்.

இறங்கிய சார்ஜன்ட், ஏணியை அண்ணாந்து பார்த்து, "மே மொகத்த?" என்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார், அவ்வளவுதான். பால் டின் என்று சொல்லியிருந்தால் அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் ரமேஷ் தன் கண்டுபிடிப்பைப் பற்றி ஒருவர் விசாரித்த மகிழ்ச்சியில், முகம் மலர, "வயர்லெஸ், சேர்!" என்றான்.

ஜன்னலைச் சாத்த அங்கே ஆள் இல்லை.

யாரோடு பேசுகிறாய் என்றார் சார்ஜன்ட். வெளிநாட்டோடு என்றான் ரமேஷ். அடையாள அட்டை வாங்கப்பட்டது. கான்ஸ்டபிள் அவன் தோளில் கைவைத்து ஜீப்புக்கு அழைத்துப் போனார். செல்வி அழத் தொடங்கினாள். நான் என் சிங்களத்தை முழு இலக்கணத்தோடும் எடுத்து முன்வைத்தேன். இலக்கணம் கூடக்கூட சார்ஜன்டின் சந்தேகமும் கூடியது.

அப்போதுதான் அந்த வீட்டு வரலாற்றில் நடவாத ஒன்று நடந்தது. கொக்கோ மரங்களுக்கிடையிலிருந்து கம்பியார், காக்கிச் சட்டையை நோக்கி ஓடிவந்தார். நேரே என் அறைக்குள் புகுந்து, நீலக் கம்பியின் முனையை எடுத்து, ஜன்னல் வழியாகச் சார்ஜன்டின் முன் நீட்டினார். 

"வயர்லெஸ் நெமெய் மஹத்தயா! வயர் தியெனவா! பலன்ன!"

வயர்லெஸ் இல்லை ஐயா, வயர் இருக்கிறது, பாருங்கள். இத்தனை ஆண்டுகளாக அவர் வாயால் சொல்லாத சொல்லை, ஜன்னல் திறந்திருக்க, பாதைக்கே கேட்கும்படி சொன்னார்.

சார்ஜன்ட் உள்ளே வர, முனையை அலுமாரி மேலிருந்த பெட்டியில் சொருகினார். பெட்டியின் பின்னால் விறைத்து நின்ற சிறு கொம்பைச் சார்ஜன்ட் விரலால் தட்டி, இது என்ன என்றார்.

"ஏக்க லஸ்ஸனட்ட" என்றார் கம்பியார். அது அழகுக்காம்.

பிறகு கம்பியைக் கையால் தடவியபடி அவர் முன்னே நடக்க, சட்டத்தின் பிரதிநிதி பின்னே நடந்தார். குசினிக்குள் குனிந்து, விறகைத் தாண்டி, பிள்ளைத் துணிகளுக்கு அடியில் தொப்பியைக் கழற்றி நுழைந்து, செல்வியின் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். கம்பியார் மறுமுனையைக் கணினியில் சொருகிய சற்றைக்கெல்லாம் அழைப்பு மணி ஒலித்தது. திறக்கச் சொன்னார் சார்ஜன்ட்.

மோகன் வந்தான். கண் இமைத்தான், தலையைச் சொறிந்தான், சிரித்தான். எல்லாம் ஒரே ஓட்டத்தில், தடங்கலின்றி. பிறகு, தன் மனைவியின் இடத்தில் ஒரு பொலிஸ் முகத்தைக் கண்டு, வாய் திறந்தபடி உறைந்துபோனான். படம் உறையாத முதல் நாளில் ஆளே உறைந்துவிட்டான்.

யார் இவர் என்று கேட்டார் சார்ஜன்ட். பிள்ளையின் தகப்பன் என்றாள் செல்வி. அவர் தர்ஷியின் பக்கம் குனிந்து, திரையைச் சுட்டி, "பபா, அர தாத்தா!" என்றார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. தர்ஷிக்குத் தெரிந்த தாத்தா ஒருவர்தான். அவள் திரும்பி, நீலக் கம்பியைப் பற்றியபடி நின்ற கம்பியாரிடம் இரு கைகளையும் நீட்டினாள்.

சார்ஜன்ட் கிழவரைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தகப்பன் யார் என்பதில் இந்த வீட்டில் ஒரு குழப்பம் இருப்பதாக அவருக்குப் பட்டது.

கட்டாரில் உறைந்திருந்தவனுக்கு அந்தக் கணத்தில் உயிர் வந்தது. இருக்கையிலிருந்து துள்ளி எழுந்து, இரு கைகளையும் ஆட்டி, "ஐயோ மஹத்தயா, மமய் தாத்தா! மமய் தாத்தா!" என்று கத்தினான். நான்தான் தகப்பன் என்று அவன் அங்கே குதிக்க, தர்ஷி தலையைத் திருப்பினாள். சுவர்ப்படம் ஒன்று தனக்காகக் குதிப்பதை வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்டாள். கெக்கலித்துச் சிரித்து, திரையைத் தொட்டு, அவனுடைய மூக்கைப் பிடிக்கப் பார்த்தாள். மோகன் மூக்கைக் கிட்டக் கொண்டுவந்தான். அதுவும் தடங்கலின்றி வந்தது.

முதலில் சிரித்தவர் சார்ஜன்ட்தான். லீவில் போனால் தன் பிள்ளையும் தன்னைக் கண்டு அலறுகிறாள் என்று சொல்லி, தொப்பியைப் போட்டுக்கொண்டார். ரமேஷ் விடுவிக்கப்பட்டான். பால்மா டின் விடுவிக்கப்படவில்லை; அது ஜீப்பில் ஏறிப் போனது.

நிறம் திரும்பாத முகத்தோடு ரமேஷ் உள்ளே வந்து, "மாமா, வயருதான் ஃபாஸ்ட்" என்றான்.

"ஃபாஸ்டோ ஸ்லோவோ எனக்கென்னடா? கேட்டா காட்டலாம்ல" என்றார் கம்பியார். அப்போதும் அவர் கம்பியை விடவில்லை. விட முடியவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, விரல்கள் இறுகிப்போயிருந்தன. செல்வி பக்கத்தில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

மோகன் ஊர் திரும்பியபோது தர்ஷி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது அவனைத்தான். அதைக் கதவோரம் நின்று பார்த்த கம்பியார் சில வருடங்களுக்குப் பின் காலமானார். ரிமோட்டின் கயிறு கடைசிவரை அவிழ்க்கப்படவில்லை.

தர்ஷி இப்போது பேராதனையில் படிக்கிறாள். விடுமுறையில் வரும்போது, இன்னும் அதே முன்னறையில் இருக்கும் என் வைஃபையைச் சீர்செய்துவிட்டுப் போகிறாள். போன வாரம் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "டீச்சர், இப்பல்லாம் வயர்லெஸ்தான் ஃபாஸ்ட்!" என்று பாதைக்கே கேட்கும்படி சொன்னாள். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. பாதையில் போன எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பியார் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் முதலில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தியிருப்பார். அந்தக் கொக்கி விழும் சத்தத்துக்காக நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.