மழை மலையான கதை

திங்கட்கிழமை காலை செல்போனில் வந்த செய்தியை விவசாயி மூன்று தடவை படித்தார். நான்காவது தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அப்போதும் அது மாறவில்லை. 'பயிர்ச் சேதத்துக்குக் காரணம்: மலை.'

"மழைன்னு எழுதச் சொன்னா மலைன்னு எழுதிட்டு வந்திருக்கியே!" என்று மனைவியிடம் பாய்ந்தார். வெள்ள நிவாரணத்துக்கு மனு கொடுத்துவிட்டு வந்தவள் அவள்தான்.

"இல்லீங்க, நான் சொன்னது..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்!"

நிவாரணம் வந்தால்தான் அடுத்த விதைப்பு. வராவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு அடுத்தவன் வயலில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். அலுவலகத்துக்கு ஓடினார்.

"வெள்ளிக்கிழமை சர்வேயர் நேர்ல வருவார், அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், தலையை நிமிர்த்தாமலே.

என்னத்தைச் சொல்வது? வயலில் நிஜமாகவே ஒன்று நின்றதே! வெள்ளம் வடிந்த அன்று, ஆறு அள்ளி வந்த மணல் வயலின் நட்டநடுவே வீட்டுக் கூரை உயரத்துக்குக் குவிந்து, வெயிலில் பளபளத்தது. அடேயப்பா! திட்டுவதற்கென்று வாயைத் திறந்தவர், திறந்த வாயோடு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் அதைப் பார்த்தால் அவருக்கு உடம்பு சிலிர்க்கும்.

பக்கத்து நிலத்துக்காரன் அவருடைய மச்சினன்தான். விஷயத்தைக் கேட்டதும் பதறிப் போனான்.

"மாமா, மலைன்னு பதிவாயிட்டா நிலம் வனத்துறைக்குப் போயிடுமே!"

"ஐயையோ! இப்ப என்னடா பண்றது?"

"வாரி என் தரிசுல கொட்டிடுங்க."

"உன் நிலம் பாழாயிடுமேடா!"

"எங்க அக்காவுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

விவசாயி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா!

"ஏங்க, அந்த மணலைப் பத்தித்தான் நான் மனுவுல..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"பேசாதே! உன் தம்பியைப் பார்த்துக் கத்துக்கோ!"

செவ்வாய்க்கிழமை வாடகை டிராக்டர் சேற்றில் புதைந்தது. அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வந்தது. அது வரப்பை உடைத்தது. டீசலுக்காகப் பம்ப் மோட்டாரை விற்றார். வியாழன் மாலை கடைசி லோடும் போய், வயல் பலகை போட்டது மாதிரி சமமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சர்வேயர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அசந்து போனார். "வெள்ளம் புகுந்த ஊர்ல இவ்வளவு சுத்தமான வயலா! ஆமா, மலை எங்கேய்யா?"

"மலையா? எலி வளைகூடக் கிடையாது சார்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் விவசாயி.

சர்வேயர் 'சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார்! அது மழை சார்! எழுத்து மாறிப் போச்சு!"

"மழைக்குக் கொடுக்கிறது போன மாசமே முடிஞ்சுது. இப்ப மணல் மூடின நிலத்துக்கு மட்டும்தான். உங்க வீட்டம்மா 'மணல் மலையா குவிஞ்சிருக்கு'ன்னு சரியாத்தானே எழுதிக் கொடுத்திருக்காங்க?"

விவசாயி மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். அவள் இந்தத் தடவை வாயே திறக்கவில்லை.

அதற்குள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வரப்புக்கு அந்தப் பக்கம் மச்சினன் தரிசிலிருந்து ஜீப் டிரைவர் கூவினார்:

"சார், அடுத்த மனுவுல இருக்கிற மலை இதோ இருக்கு, அடேயப்பா எவ்ளோ பெருசு! இவர் திங்கக்கிழமையே மனு கொடுத்துட்டாரு!"