முருகானந்தம் பிடித்த லீக்

"புஸ்ஸுன்னு சத்தம் வருதுல்ல? அதுதான் லீக்கு. நம்ம காதுக்குத் தப்புமா?" என்றார் முருகானந்தம். அவர் மூக்கில் மாஸ்க். மாஸ்க்கிலிருந்து ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் குறட்டைக்காக வாங்கிய, மூக்குக்குள் காற்றை ஊதும் மிஷின்.

நாமக்கல்லில் லாரிக்கு ஏர் பிரேக் பார்ப்பதில் அவர் பெரிய கை. அன்று காலையில்தான், பிரேக் வால்வின் எக்ஸாஸ்ட் ஓட்டையில் துணியை அடைத்துக்கொண்டு வந்த டிரைவர் பிரபாகரைப் பட்டறையே அதிரத் திட்டியிருந்தார்.

"காத்து வெளிய போற வழிய அடைச்சா பிரேக்கு எப்பிடிறா உடும்? அறிவிருக்குதா?"

மிஷின் வந்ததற்குக் காரணம் வேறு. மகள் தனப்பிரியாவின் நிச்சயத்தன்று, தட்டு மாற்றும் நேரம் பார்த்து மனிதர் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுவிட்டார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண்ணைச் சொருகுகிறது என்றார் டாக்டர். கல்யாணமோ நெருங்கிவிட்டது.

"மணவறையிலயும் தூங்குனீங்கன்னா, நான் சம்பந்தி மூஞ்சில எப்பிடிங்க முழிக்கறது?" என்றாள் மனைவி சௌந்திரம்.

முருகானந்தம் மாஸ்க்கின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினார். முன்பக்கம் வரிசையாக நுரை கிளம்பியது.

"பாத்தியா? புதுச் சாமான்லயே பொத்தலு!"

பஞ்சர் பேட்ச்சை அளவாக வெட்டி ஒட்டினார். புஸ் நின்றது. ஆனால் அவர் விட்ட மூச்சு போக்கிடம் இல்லாமல் மாஸ்க்கின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு கண்ணில் அடித்தது. வாரை இறுக்கினார். கன்னம் புண்ணானது. சௌந்திரம் மனசு கேட்காமல் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். மாஸ்க் வழுக்கிக்கொண்டு நெற்றிக்குப் போனது.

"எனக்கென்னமோ இந்த மீசைதானுங்க ஒட்ட உட மாட்டீங்குது."

முருகானந்தம் மீசையைத் தடவிப் பார்த்தார். கல்யாண பேனரில் பொண்ணு மாப்பிள்ளையைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த மீசைதான். ஆனாலும் மகள் முகம் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வழித்தார்.

மீசை போனது, லீக் போகவில்லை. ஸ்பேனரைப் பிடித்தபடியே தூங்க ஆரம்பித்தார். அவருக்கே அவமானமாக இருந்தது.

வேறு வழியின்றி சௌந்திரம் மிஷின் விற்ற கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரர் அத்னான் பட்டறைக்கே வந்தார். பிரபாகரும் வேறு ஏதோ வேலையாக லாரியோடு வந்து நின்றிருந்தான்.

அத்னான் மாஸ்க்கைத் திருப்பிப் பார்த்து, பேட்ச்சை நகத்தால் பிய்த்தார்.

"இத யாருங்க அடைச்சது? நீங்க உடற மூச்சு வெளிய போறதுக்குன்னே வெச்ச ஓட்டைங்க இது."

முருகானந்தத்தின் கை மீசையைத் தடவப் போய், வெறும் உதட்டைத் தடவிவிட்டுத் திரும்பியது.

பிரபாகர் மெதுவாகச் சொன்னான்: "எனக்குத் துணியோட போச்சுங்ணா."