நகர்ந்துபோன கோபுரம்

கூச்சப்படுகிறவளிடம் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், படகின் சுக்கானை மட்டும் கொடுக்கக் கூடாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் மகனுக்கு வயது ஏறிக்கொண்டே போனது, பெண் அமையவில்லை. கடைசியாக ஒரு வீடு சம்மதிக்கும்போல் இருந்தது. பெண்ணின் அப்பா இன்னும் பாய்மர வள்ளம் வைத்திருந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறோமே என்று, "எங்க அப்பா தோணியில தண்டலா இருந்தாவ" என்று சொல்லித் தொலைத்தேன். (தண்டல்தான் தோணியை நடத்துகிறவர்.) அதோடு நிறுத்தினேனா? அணியம், பாய்மரம், கச்சான், கொண்டல் என்று சிறுவயதில் காதில் விழுந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். (பெண்பிள்ளைகளை அப்பா தோணியில் ஏற்றியதே இல்லை. அதைச் சொல்லவில்லை.)

மனிதருக்கு ஒரே சந்தோஷம். எல்லோரையும் வள்ளத்தில் ஏற்றிவிட்டார். கொஞ்ச தூரத்தில் பாயின் கயிறு சிக்கிக்கொண்டது.

"மைனி, சுக்கானப் பிடிங்க. அந்தா வெள்ளையாத் தெரியுதுல்லா மாதாகோயில் கோபுரம், அதுக்கு நேரா விடுங்க."

தண்டல் மகளுக்கு எதற்குப் பாடம் என்று, கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினால் எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடச் சொல்லவில்லை.

வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அதற்கு நேராக விட்டேன். சற்று நேரத்தில் கோபுரம் நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் அதன் கீழே ஒரு கப்பலே இருக்கிறது! துறைமுகத்திலிருந்து வெளியே போகிற சரக்குக் கப்பல். சொல்ல வாயெடுத்தேன். அவரோ சிக்கை அவிழ்த்தபடியே என் வீட்டுக்காரரிடம் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். ஆண்கள் பேச்சில் எப்படிக் குறுக்கே விழுவது? கப்பல் பின்னாலேயே விட்டேன். கச்சான் காற்றும் கரையிலிருந்து எங்களைத் தள்ளியது.

அவர் நிமிர்ந்தபோது கரை நூலாகியிருந்தது. "ஏ மாதாவே! எங்க போறோம்?"

எதிர்க்காற்றில் பாயை நம்பித் திரும்ப முடியாது. மோட்டார் வள்ளம் ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. பெண்ணின் பெரியம்மா வழியெல்லாம் வாந்தி. என் மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. இந்தச் சம்பந்தமும் போயிற்று, பெற்ற தாயே முக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

கரையில் இறங்கியதும் பெண் என்னிடம் வந்தாள்.

"அது நகருதுன்னு தெரியலையா மாமி?"

"தெரிஞ்சுது."

"பொறவு ஏன் சொல்லல?"

"அவுக பேசிக்கிட்டு இருந்தாவ..."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "எப்பா, எனக்குச் சம்மதம். நடுக்கடலுக்குப் போகும்போதே வாயத் தொறக்காத மாமியாரு, என் குழம்பையா குறை சொல்லப் போறாவ?"

கல்யாணம் நடந்தது. மருமகள் தங்கமானவள். குழம்பில்தான் உப்பை அள்ளிப் போடுவாள். நான் லேசாக முகம் சுளித்தாலும், "என்ன ஆச்சி, கோபுரம் நகருதா?" என்பாள் பேத்தி. வீடே சிரிக்கும்.

நான் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்துகொள்வேன்.