மாப்பிள்ளை தள்ளிய அம்பாசிடர்

இதுவரை என் கையால் மூன்று உயிர் போயிருக்கிறது. மூன்றுமே கார் இக்னிஷன் மாட்யூல்கள் என்பதால் நான் இன்னும் வெளியில் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

மாட்யூல் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்புப் பெட்டி. என்ஜினுக்குள் எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். அது செத்தால் கார் பழைய இரும்பு. நானோ திருவண்ணாமலையில் இன்வெர்ட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. (முதல் வகுப்பு. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.) அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் ஒரு வண்டி கரண்ட் கோளாறால் நின்றுபோனால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டி அப்பாவுடையது. வெள்ளை அம்பாசிடர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் முப்பது வருடம் வாடகைக்கு ஓட்டினார். மன அமைதி தேடி வருகிறவர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவார். அது கிடைத்தோ கிடைக்காமலோ திரும்புகிறவர்களைக் கொண்டுபோய் விடுவார். சவாரி இல்லாத நாட்களில் அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து எங்கேயாவது அழைத்துப் போவார். அம்மாவுக்குக் காரில் ஏறினாலே குமட்டும் என்பதால் டேஷ்போர்டில் அவர் பக்கமாகப் பார்த்து ஒரு குட்டி ஃபேன் பொருத்தியிருந்தார்.

அப்பாவின் வண்டியில் மாட்யூல் எதுவும் கிடையாது. அந்தக் காலத்துப் பாயிண்ட்தான். இரண்டு சின்ன உலோகத் துண்டுகள் தொட்டுத் தொட்டு விலகும், அதில் தீப்பொறி கிளம்பும். அதில் கரி பிடித்தால் வண்டி இருமும். அப்பா ஓரங்கட்டி, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து நாலு தேய் தேய்ப்பார். வண்டி கிளம்பிவிடும். டிப்ளமோ முடித்த நாளிலிருந்து நான் அவரிடம் நச்சரித்துக்கொண்டிருந்தேன். பாயிண்டைத் தூக்கிப் போட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாம், தேய்க்கிற வேலையே இருக்காது, பெட்ரோலும் கம்மியாகக் குடிக்கும் என்று படம் போட்டு விளக்கினேன். அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அதாலேயே வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார்.

"உன் இன்வெர்ட்டர நீ பாரு. என் வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வண்டியைத் துடைத்துக்கொண்டே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துணி கையில் இருந்தது.

வருஷத் திதி முடிந்த மறுவாரம் நான் அந்த வண்டிக்கு மாட்யூல் போட்டேன். இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவர் இல்லாத வீட்டில் அவரோடு போடுகிற சண்டையை நிறுத்த எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். மாட்யூல் நன்றாக ஓடினால், "பாத்தியாப்பா" என்று யாரிடமாவது சொல்லலாம் என்று இருந்தது.

முதல் மாட்யூல் பதினைந்து நாளில் செத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சாவியைத் திருகினால் என்ஜின் சுற்றுகிறது, பற்றவில்லை. மட்டமான சரக்கு என்று முடிவு செய்து இன்னொன்று வரவழைத்தேன். அது மூன்று வாரம் கழித்து, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் பெரியப்பாவுக்குத் தங்கையின் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகும் வழியில், ஒரு மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலை வயலுக்குப் பக்கத்தில் உயிரை விட்டது. பத்திரிகை பஸ்ஸில் போனது. நான் டிராக்டர் பின்னால் கயிற்றில் வந்தேன்.

அதன் பிறகு நான் மனிதனாக இல்லை. மல்டிமீட்டரை டாக்டர் போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். தீப்பொறிக்கு வேண்டிய கரண்ட்டை ஏற்றிக் கொடுக்கிற காயிலை மாற்றினேன். எர்த் சரியில்லை என்று புது ஒயர் இழுத்தேன். மாட்யூலின் முதுகில் சூடு இறங்குவதற்கான வெள்ளைப் பசையைத் தோசைக்கு நெய் ஊற்றுகிற மாதிரி தாராளமாகப் பூசினேன். பேட்டரி வேறு அடிக்கடி இறங்கிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் கடைக்காரன் வீட்டு பேட்டரி. ஒயரை எலி கடிக்கிறது என்று சந்தேகப்பட்டு பானெட்டுக்குள் மசால் வடை வைத்துப் பொறி போட்டேன். வடையை எறும்பு தின்றது. தினம் ஓடுகிற வாரத்தில் ஒன்றும் ஆகாத மாட்யூல், வாரம் முழுக்கச் சும்மா நின்ற பிறகு எப்படிக் கெடுகிறது என்பது மட்டும் விளங்கவே இல்லை. அப்பாதான் எங்கிருந்தோ பிடுங்கிவிடுகிறார் என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

கடைசியில் மானத்தை விட்டு, அப்பாவின் மெக்கானிக் சலீம் பாயிடம் போனேன். வேட்டவலம் ரோட்டில் பட்டறை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, என்ஜின் ஓடாதப்ப சாவிய ஆன்ல வுட்டு வெக்கறீங்களா? அப்படி வுட்டா காயிலும் மாட்யூலும் சும்மாவே சூடு ஏறி வெந்துடும்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. டிப்ளமோ படித்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது, வீட்டில் இருப்பது நான், அம்மா, தங்கை நித்யா மூன்று பேர்தான், யாரும் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சலீம் பாய் வேறு வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இதற்கிடையில் நித்யா தன் ஆசையைச் சொன்னாள். நகை, புடவை, மண்டபம் எதிலும் அவளுக்குத் தனிப் பிடிவாதம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாப்பிள்ள அழைப்புக்கு அவரு அப்பா வண்டிலதான் வரணும். வேற எந்தக் காரும் வேணாம்ணா."

சரி என்றேன். மாப்பிள்ளை அழைப்புக்கு மூன்று நாள் முன்னால் மூன்றாவது மாட்யூலைப் போட்டேன். வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்த அந்த மூன்று நாளும் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. மாப்பிள்ளை அழைப்பன்று மத்தியானம் வண்டியை மண்டபத்துக்குப் பின்னால் நிழலில் நிறுத்தி, பூ அலங்காரம் செய்து, சாவி தொலைந்துவிடக் கூடாதே என்று அம்மாவிடம் கொடுத்து வைத்தேன். என் வாழ்நாளிலேயே நான் எடுத்த பத்திரமான முடிவு அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு. அதற்குப் பின்னால் ஆடிக்கொண்டே மாப்பிள்ளையின் நண்பர்கள். அதற்குப் பின்னால் நம் வண்டி. நான் ஓட்ட, பின் சீட்டில் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை தினகரன். வேலூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, சாதுவான பையன். பக்கத்தில் அவருடைய தாய்மாமன். நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தோம். பாதி வழியில், ஒரு ஸ்வீட் கடை எதிரில், வண்டி இரண்டு முறை விக்கிவிட்டு அடங்கியது.

பேண்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் அடித்துக்கொண்டே போனார்கள். ஆடுகிறவர்களும் ஆடிக்கொண்டே போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஊர்வலம் தெருமுனையில் திரும்பி மறைந்தது. நாங்கள் மூன்று பேரும் அலங்கரித்த வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தோம். பின்னால் போளூர் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. (மண்டபத்தில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள், மாப்பிள்ளை இல்லாமல் வந்து சேர்ந்த பேண்டைப் பார்த்துத் திகைத்த கதையைப் பிறகு எத்தனையோ பேர் நடித்துக் காட்டினார்கள்.)

நான் பானெட்டைத் திறந்தேன். மாட்யூல் தொட முடியாமல் கொதித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினேன். அதில் கல்யாணச் செலவுச் சீட்டு இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு அப்பா வேண்டும் என்று இருந்தது. முப்பத்திரண்டு வயசு ஆள், நடுத்தெருவில், பஸ் டிரைவர் திட்டிக்கொண்டிருக்கும்போது, அழுகை வரும் போல நின்றேன். அவர் இருந்தால் நாலு தேய் தேய்த்துவிட்டு, "ஏறு" என்றிருப்பார்.

தாய்மாமன் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். தினகரன் இறங்கினார். மாலையைக் கழற்றாமல் கோட்டை மட்டும் கழற்றிப் பின் சீட்டில் போட்டார்.

"இந்த வண்டில வரணும்னுதான், மாமா, நித்யா கேட்டாங்க. வண்டி ஓடணும்னு கேக்கல" என்றார். பிறகு என்னிடம், "மச்சான், நீங்க ஸ்டியரிங்க புடிங்க, நான் தள்றேன்" என்றார்.

நான் தள்ளுகிறேன் என்று மன்றாடினேன். ஆனால் அந்த ஸ்டியரிங்கின் ஆட்டம் எங்கள் குடும்பத்துக்கு மட்டுமே பிடிபட்டது. வேறு யார் பிடித்தாலும் வண்டி ஸ்வீட் கடைக்குள் போயிருக்கும். ஆகவே பெண்ணுக்கு அண்ணன் உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை பின்னால் நின்று தள்ள, லேசான ஏற்றத்தில் வண்டி நகர்ந்தது. தாய்மாமன் கூடவே நடந்து வந்தபடி தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். "உள்ள இருக்கறது பொண்ணு வூட்டுக்காரரு. தள்றது மாப்பிள்ள." இதைக் குறைந்தது பத்துப் பேரிடம் சொன்னார். நான் ஸ்டியரிங்குக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு ஓட்டினேன், அதாவது ஓட்டுகிற மாதிரி இருந்தேன்.

மண்டப வாசலில் நித்யா நின்றிருந்தாள். மணப்பெண் வெளியே வரக் கூடாதாம், யார் பேச்சையும் கேட்கவில்லை. சட்டை முழுக்க வியர்வையோடு தினகரன் நிமிர்ந்ததைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், வண்டியின் மேல் கையை வைத்ததும் அழுதுவிட்டாள். கல்யாணம் மறுநாள் காலை நல்லபடியாக முடிந்தது.

அவள் வேலூருக்குப் போன பிறகு, ரோஷத்தோடு நாலாவது மாட்யூலைப் போட்டேன். அந்த வாரம் புதன்கிழமை இரண்டரை மணி இருக்கும். மல்டிமீட்டரை வீட்டில் மறந்துவிட்டேன் என்று எடுக்க வந்தேன். வண்டி நிற்கிற தகரக் கொட்டகையிலிருந்து "கிர்ர்" என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். முன் சீட்டில் அம்மா. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, காலை மடித்து உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் குட்டி ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஃபேன், சாவியை ஆன் செய்தால்தான் ஓடும்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். தினமும்தான், மத்தியானத்தில் ஒரு மணி நேரம், வீட்டுக்குள் வேர்க்கிறது என்றார். வீட்டுக்குள் இன்வெர்ட்டரோடு மூன்று ஃபேன் இருக்கிறதே என்றேன். அவர் இன்னொரு கொத்துக் கீரையை உருவி முறத்தில் போட்டார்.

"உங்கப்பா டீ குடிக்கப் போனா சாவிய போட்டு எனக்கு இந்த ஃபேன ஓட வுட்டுட்டுதான் எறங்குவாரு. வூட்டுக்குள்ள உக்காந்தா அவரு இல்லன்னு தெரியுது. இங்க உக்காந்தா, டீ குடிக்கத்தான் போயிருக்காரு, வந்துடுவாருன்னு இருக்குதுப்பா."

மாப்பிள்ளை அழைப்பன்றும் உட்கார்ந்திருந்தாயா என்று கேட்டேன்.

"தாலி இல்லாதவ முன்னாடி நிக்கக் கூடாது, பின்னாடி போன்னு சொன்னாங்க. பின்னாடி வண்டி நின்னுச்சு. ரெண்டு மணி நேரம் இருந்தேன். பொண்ணுக்குக் கல்யாணம், சீக்கிரம் குடிச்சிட்டு வாங்கன்னு சொல்லிட்டுதான் எழுந்து வந்தேன்."

மாட்யூல், காயில், சூடு, எதைப் பற்றியும் நான் வாயைத் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் கீரை ஆய்ந்தேன். (காம்போடு போடுகிறேன் என்று திட்டு வாங்கினேன்.) அன்று சாயங்காலம் சலீம் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் "நான்தான் அன்னிக்கே கேட்டேனே" என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு வந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மாட்யூலுக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் வைத்தோம். வண்டி எடுக்கும்போது நான் அதைப் போட வேண்டும். மற்ற நேரத்தில் சாவியைத் திருகினால் ஃபேன் மட்டும் ஓடும். என் டிப்ளமோ உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அந்த நாலாவது மாட்யூல் இன்றுவரை ஓடுகிறது. அம்மாவுக்கு அந்த சுவிட்சைப் பற்றித் தெரியாது. பெண் கல்யாணம் முடிகிற வரைக்கும் மாட்யூல் போட்டதற்காக அப்பாவுக்கு என் மேல் கோபம் இருந்தது, அதுதான் வண்டியை நிறுத்தியது, பிறகு தணிந்துவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறார். என் தொழில் திறமையைப் பற்றி உறவுக்காரர்களுக்கு இருக்கும் அபிப்பிராயமும் மாறவில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் பல்பு மாட்டக்கூட வேறு ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். (இதை யாரும் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

நித்யாவும் தினகரனும் தீபாவளிக்கு வந்தால் இந்தக் கதை வராமல் சாப்பாடு முடியாது. பேண்டு போனது, தாய்மாமன் விளக்கம் சொன்னது, நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது எல்லாம் வரிசையாக வரும். போன வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பெரியப்பா வீட்டுக்குப் புது மருமகளாக வந்திருந்த பெண் தினகரனிடம், நீங்கள் உங்கள் மாமனாரைப் பார்த்திருக்கிறீர்களா என்று சாதாரணமாகக் கேட்டாள். எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டோம்.

தினகரன் நிதானமாக ரசத்தைப் பிசைந்தார்.

"பாத்ததில்லங்க. ஆனா எவ்ளோ வெயிட்டுன்னு எனக்குத் தெரியும்."

முதலில் சிரித்தது அம்மாதான்.